மாதாவின் காலடியில் மிதந்த கப்பல்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு விண்வெளிக் கப்பல் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு சாண் நீளம், சாம்பல் நிறம், மூக்குப் பக்கம் கொஞ்சம் சப்பை. கீழே தட்டையாக ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டிக்குள் காந்தம், கப்பலின் வயிற்றுக்குள்ளும் ஒரு காந்தம். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, காற்றைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஏதோ ஒரு படத்தில் வருகிற கப்பலின் நகலாம். அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டியபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். எனக்கோ இன்றைக்கும் அதைத் தொடப் பயம்.

வாங்கியவர் என் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் நிஜக் கப்பலுக்குள் கிடக்கிற மனுஷர், லீவில் வரும்போது இந்தப் பொம்மைக் கப்பலைக் கட்டிக்கொண்டு வந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஹால் ஷோகேஸில் இருந்த கண்ணாடி டம்ளர்களையெல்லாம் இறக்கிவிட்டு, அதை நடுவில் வைத்து, பின்னால் நீல விளக்கும் போட்டார். மில்லர்புரத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவர் மறுபடி கப்பலேறிய மறுநாள், அது ஷோகேஸில் இல்லை. என் மாமனார் அதைத் தூக்கி, சாமி அறைப் பீடத்தில், மாதா சுரூபத்தின் காலடியில் சற்று இடப்பக்கமாக வைத்திருந்தார்.

மாமா அந்தக் காலத்தில் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் தோணியின் தலைவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஆள் கடலில் இருக்கும்வரை பீடத்து விளக்கு அணையக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தரத்தில் நிற்கும் ஒரு கப்பலைக் கண்டதும் அவருக்கு விளக்கைவிட அது நம்பிக்கையாகத் தெரிந்துவிட்டது. மகன் கரையேறும்வரை இது இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இது வானத்தில் போகிற கப்பல், உப்புத் தண்ணீரில் ஓடாது என்று நான் கேலி செய்தேன். எங்கே போனால் என்ன, போனவன் திரும்பணும்லா என்றார். கரண்ட் போனால் கப்பல் விழுந்துவிடுமே என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை இன்வெர்ட்டரில் கோர்க்கவைத்தார். கோடையில் கரண்ட் போனால் எங்கள் அறை மின்விசிறி நிற்கும், கப்பல் இறங்காது. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், என்ன ஏதென்று கேட்காமல் அதன்மேலும் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டுப் போனார். நான்தான் ஷாக் அடித்துவிடுமோ என்று பதறித் துடைத்தேன்.

மாமா தினமும் சாயங்காலம் செபமாலை முடித்ததும் குனிந்து மாதாவின் பாதத்தை முத்தமிடுவார். முத்தி செய்வது என்போம். பீடம் இடுப்புக்குச் சற்று மேலே சுவரில் அடித்த பலகை. சுரூபம் சுவரோடு ஒட்டி இருக்கும். அதனால் நன்றாகச் சாய்ந்து, நெஞ்சைப் பலகையில் கிடத்தித்தான் முத்தி செய்யமுடியும். முத்தியை நான் அத்தனை முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் அவர் முகத்தைத்தான்.

பிறகு ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில் மாமா சுருண்டு விழுந்தார். இதயத் துடிப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் இடது தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு நர்ஸ் உட்கார்ந்து விளக்கினார். செல்போனைச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது, காந்தம் கிட்டே வரக்கூடாது. நான் வீட்டுக்கு வந்ததும் போலீஸ் வேலை பார்த்தேன். இன்டக்‌ஷன் அடுப்பைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மாமாவின் சட்டைப்பைகளைத் தைத்தே மூடிவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பழப் பொம்மைகளைக்கூட விடவில்லை. பீடத்தின் பக்கம் மட்டும் என் புத்தி போகவில்லை. பீடத்தில் ஏறிய பொருள் பீடத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது. அதற்குப் பூ வைக்கத் தோன்றுமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று தோன்றாது.

அந்த மாதங்களில்தான் தூரத்துக் கடல் ஒன்றில் கப்பல்களைச் சுடுகிறார்கள் என்று டிவியில் வர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருடைய கப்பலும் அந்த வழியாகப் போகவேண்டியிருந்தது. சில நாட்களுக்குப் போன் வராது, கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியையும் அணைத்துவிடுவார்கள், பயப்படாதே என்று மெசேஜ் போட்டிருந்தார். பயப்படாதே என்று ஒருவர் சொன்னபிறகு பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. சோறு இறங்கவில்லை. கதவு தட்டினால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். மாமா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். பேப்பர் படித்தார், நெத்திலிக் கருவாடு கேட்டுச் சாப்பிட்டார். பெற்ற மகன் நெருப்புக்குள் போகிறான், இவருக்கு நெஞ்சு மரத்துப்போய்விட்டதா என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கப்பல் எரிவதை டிவியில் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. நான் அடுக்களையில் போய் நின்று அழுதுவிட்டேன். செபமாலையை முடித்துக்கொண்டு மாமா வந்தார்.

"பயப்படாத ஏளா. அவன் நல்லாருக்கான். மாதா சொல்லிட்டா."

என்ன சொன்னாள் என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"முத்தி செய்யக் குனியுதேன்லா, அப்ப நெஞ்சுல அவ தட்டுதா. வேகமா, டக்கு டக்குன்னு. நிமிந்தா நின்னுருது. ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா. ஒருநாள் விடல."

நர்ஸ் சொன்னது சட்டென்று உறைத்தது. அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம். நான் அவரைத் தாண்டிச் சாமி அறைக்குள் ஓடிப் பார்த்தேன். பலகையில் மாதா, அவள் காலடியில் இடப்பக்கமாகக் கறுப்புப் பெட்டி, அதன்மேல் எதுவும் தெரியாததுபோல் மிதக்கும் கப்பல். மாமா குனிந்தால் அவருடைய மெஷின் சரியாக எங்கே வரும் என்று அப்போதுதான் பார்த்தேன். தினமும் அவர் காந்தத்தை ஒட்டி நெஞ்சைக் கிடத்தி வேண்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காந்தம் கிட்டே போனால் மெஷின் தன்போக்கில் ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பிக்கும், விலகினால் பழையபடி ஆகிவிடும், ஆனால் அது விளையாட்டில்லை, உடனே அப்புறப்படுத்திவிட்டுக் காலையில் அவரைக் கூட்டிவாருங்கள் என்றார்கள்.

கப்பலுக்குள் காந்தம் இருக்கிறது, மெஷினுக்கு ஆகாது என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன். தட்டுவது யார் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் எடுத்துக்கொண்டு போ என்றார். ஒரே ஒரு கட்டளை: அவன் அந்தக் கடலைத் தாண்டும்வரை கப்பலை எங்கேயும் கீழே வைக்கக்கூடாது.

அவரை வாசல் கேட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டுக் கப்பலில் கை வைத்தேன். படித்தவள், கேலி பேசியவள், பிளக்கைப் பிடுங்கிக் கப்பலை நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. ஒரு கையில் கப்பலும் மறு கையில் பெட்டியுமாகத் தூக்கினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. கடைசியில் கப்பலை முந்தானையில் முடிந்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி மாடியேறினேன். படிக்குப் படி மாதாவே மாதாவே என்றுதான் வாயில் வந்தது. மேலே பிளக்கைச் சொருகி, கப்பலைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும் இடத்தைத் தேடினேன். அந்த வித்தை என் வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும்தான் தெரியும். கப்பல் வழுக்கி வழுக்கிப் போனது. விழுந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்ததை எழுதக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசியில் எப்படியோ நின்றது. அப்புறம்தான் மாமாவை உள்ளே கூப்பிட்டேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அன்று சாயங்காலம் மாமா வழக்கம்போல் செபமாலை சொன்னார், குனிந்தார், முத்தி செய்தார். நிமிரவில்லை. நெஞ்சைப் பலகையில் வைத்தபடி அப்படியே கிடந்தார். நான் பயந்துபோய்க் கிட்டே போனேன். மெதுவாகத் திரும்பினார்.

"தட்டலியே ஏளா. அப்ப இத்தன நாளும் எங்கிட்ட பேசினது அந்தக் காந்தந்தானா?"

நான் பீடத்து விளக்கின் திரியைத் தூண்டினேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் என்னை முந்திக்கொண்டு அவனா, அவனா என்று கேட்டார். டிவி முன்னால் உட்கார்ந்து கப்பல் செய்தி வரும்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒருத்தி பயந்துகொண்டிருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தோம். அவர் உயிரைக் காப்பாற்றப்போய் அவர் நிம்மதியைப் பிடுங்கிவிட்டேன்.

ஒருவழியாகப் போன் வந்தது. கப்பல் தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் குரலைக் கேட்டதும் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். நம்ம கப்பல் மிதக்கிறதா என்று மகன் கேட்டது எனக்கும் கேட்டது. மேலே மிதக்கு, நான் கிட்ட போறதில்ல என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் என் வீட்டுக்காரர் கடலில்தான் இருக்கிறார், வேறு கப்பல், வேறு வழி. மாமா ஒவ்வொரு சாயங்காலமும் முத்தி செய்யக் குனிந்து, கொஞ்சநேரம் அப்படியே காத்திருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் தட்டிவிடாதா என்று அவர் காத்திருக்கிறார். தட்டிவிடக் கூடாதே என்று நான் அவர் பின்னால் நிற்கிறேன்.