அமெரிக்காவில் நின்ற காசு

சல்லி என்ற கடற்கரை ஊர்க் கோணேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது. கருவாடு வாங்க வருகிறவர்களிடமே, இது மழையில் நனைந்தது, வேறு எடுங்கள் என்று சொல்லிவிடுவாள். இப்படி வியாபாரம் செய்தால் உருப்பட்ட மாதிரித்தான் என்று ஊர் கேலி செய்யும். அந்த வாயால்தான் போன வருடம் வங்கியிலும் மாட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் கதிரவேல் தனியே போன படகு நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி, நீரோட்டத்தில் இழுபட்டு இந்தோனேசியக் கரையில் போய் ஒதுங்கியது. மழைத் தண்ணீரும் பச்சை மீனும்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்தன. செத்தார் என்று ஊரே முடிவுகட்டிய பிறகு தொலைபேசியில் அவர் குரல் கேட்டது. அங்கே ஒரு மீன் முதலாளி தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறாராம். ஊர் திரும்பத் தற்காலிகக் கடவுச்சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் மாதம் முடிவதற்குள் விமானச் சீட்டு எடுத்துப் புறப்படாவிட்டால், தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சீட்டுக் காசை முதலாளியின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப, கோணேஸ்வரி காதுத் தோட்டை அடகு வைத்தாள். கிண்ணியா ஊரில் தெரிந்தவளான ஜுமானாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு, வங்கிக்குப் போனாள். ஜுமானா மலேசியாவில் வீட்டு வேலை செய்து திரும்பியவள். முதலாளியின் பாஷையும் மலாயும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், அவரோடு கதைப்பதெல்லாம் அவள் வாயால்தான்.

வங்கி அலுவலர் ரஜீவன் விபரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"காசு எடுக்கிறவர் உங்களுக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்லைத் தம்பி."

சிநேகிதர் என்று போடட்டுமா என்று ரஜீவன் இரக்கப்பட்டுக் கேட்டார். ஜுமானா முழங்கையால் இடித்தாள். கண்டறியாத மனிதரை எப்படிச் சிநேகிதர் என்பது என்று கோணேஸ்வரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

காசு போனது, போய்ச் சேரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் போய்க் கேட்டால், அது அமெரிக்காவில் நிற்கிறது என்றார் ரஜீவன். கோணேஸ்வரி வாயைப் பிளந்தாள். டொலராகப் போகிற காசு அங்கேயுள்ள இன்னொரு வங்கியைத் தாண்டித்தான் போகவேண்டுமாம். உறவில்லாத ஆளுக்கு எதற்குக் காசு என்று அந்த வங்கி விளக்கம் கேட்கிறதாம். துறைமுகத்துக்கு வெளியே உத்தரவு கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். தன் தோட்டுக் காசும் கண்காணாத தேசத்தில் அப்படி நிற்கிறது என்று நினைக்க, பயத்தையும் மிஞ்சி வியப்பாக இருந்தது. கையில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாத மனிதனைக் கடல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இத்தனை முத்திரை குத்திய காசுக்குத்தான் வழி இல்லை.

விளக்கம் எழுதி அனுப்பினார்கள். பதில் இல்லை. மாதமும் முடியப் பார்த்தது. கோணேஸ்வரி கோணேசரோடும் மாரியம்மனோடும் மாறிமாறிச் சண்டை பிடித்தாள். அப்போதுதான் ஜுமானா செய்தி கொண்டு ஓடி வந்தாள். இனிக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தால் சரிவராது என்று முதலாளியே சீட்டு எடுத்து, கதிரவேலை விமானம் ஏற்றிவிட்டாராம்.

கதிரவேல் முதலாளியின் தொளதொளத்த சட்டையோடு வந்து இறங்கினார். அவர் சொந்தக் குசினியில் உட்கார்ந்து சோறு தின்னத் தொடங்கிய பிறகுதான் காசு ஆற அமர முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. முதலாளி உடனே அழைத்தார். அதைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். கோணேஸ்வரி பதறிப்போனாள். சீட்டு எடுத்த காசல்லவா, வைத்திருக்கச் சொல்லு என்று ஜுமானாவைக் கெஞ்சினாள். ஜுமானா சொன்னாள். மறுபக்கத்தில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோணேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

"கடல்ல எடுத்த மனிசனை அவங்கட ஊர்ல விக்கிறதில்லையாம், அக்கா."

இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று கோணேஸ்வரிக்கு மேல் சிலிர்த்தது. தொலைபேசியைப் பார்த்தே கைகூப்பினாள்.

அந்தக் காசு போன வழியாலேயே, அமெரிக்காவையும் சுற்றிக்கொண்டு, ஆடி அசைந்து வந்தது. ரஜீவன் கூப்பிட்டனுப்பினார். வருகிற காசுக்கும் வங்கியில் கேள்வி உண்டு.

"அனுப்பினவர் உங்களுக்கு என்ன உறவு?"

கோணேஸ்வரி யோசிக்கவே இல்லை.

"அண்ணன் எண்டு எழுதுங்கோ, தம்பி."

ரஜீவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.