இடது காலுக்கு வேலையில்லை

போன ஞாயிற்றுக்கிழமை என் இடது கால் என்னை நடுரோட்டில் அவமானப்படுத்திவிட்டது. ஒரு தடவை இல்லை... மூன்று தடவை!

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் ஏரியாவில், இரண்டு தெரு தள்ளி செல்வராஜ் இருக்கிறார். கான்ட்ராக்டர். மண் சரியாமல் மலைச்சரிவில் சுவர் கட்டிக் கொடுக்கிற தொழில். இருபது வருஷமாக ஒரே பழைய ஜீப். அதில் உட்கார்ந்தால் பல் ஆடும். அந்த மனுஷன்தான் திடீரென்று ஒரு ஆஃப் ரோடு வண்டி வாங்கி, சென்னையிலிருந்து கப்பலில் இறக்கினார். சாதாரண வண்டி இல்லை — ஸ்பெஷல் எடிஷன்!

ஸ்பெஷல் எடிஷன் என்றால் என்ன? எனக்கும் தெரியாது. போய்ப் பார்த்தேன். பாதி பச்சை, பாதி கறுப்பு. பக்கவாட்டில் புலி நகத்தால் கீறின மாதிரி ஒரு ஸ்டிக்கர். முன்னால் கயிறு மாட்டி இழுக்கிற கொக்கி மட்டும் ஆரஞ்சு கலர். ஆழமான தண்ணியில் போனாலும் இன்ஜின் மூச்சு வாங்குவதற்கு ஒரு குழாய், கூரை வரைக்கும் நிற்கிறது. உள்ளே டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு. அதில் ஒரு நம்பர்.

"மொத்தமே கொஞ்சம் வண்டிதான் அண்ணே பண்ணிருக்கான். அதுல நம்ம வண்டி எத்தனையாவதுன்னு போட்டிருக்கு" என்றார் செல்வராஜ், அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டே.

நடுவில் திருகுகிற குமிழ் ஒன்று இருந்தது. மணல், சேறு, பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கடைசியில் நட்சத்திரம் மாதிரி ஒன்று.

"இது என்னப்பா?"

"ஸ்நோ அண்ணே. பனியில ஓட்டுறதுக்கு."

"அந்தமான்லயா?"

"தனித்தனியா தர மாட்டான் அண்ணே. எல்லாம் சேர்த்துத்தான்."

சரி என்று கீழே பார்த்தேன். பெடல் இரண்டுதான் இருந்தது. கிளட்ச் இல்லை!

"மேனுவல்தான் அண்ணே கேட்டேன். இந்த எடிஷன்ல மேனுவலே வரலையாம். 'கிளட்ச்சா? இப்ப யார் சார் கேக்குறாங்க?'ன்னு ஷோரூம்காரன் சிரிக்கிறான்."

எனக்குச் சுருக்கென்றது. கியர் இல்லாத வண்டியை ஓட்டுகிறவன் டிரைவரே இல்லை, ஸ்டியரிங் பிடித்த பேசஞ்சர் — இது டீக்கடையில் நான் தினமும் சொல்கிற வசனம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பாவுக்கு இங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கத்தான். தோட்டத்து லாரியில் கிளீனராக ஏறினேன். ஒரு நாள் ஏற்றத்தில் டிரைவர் கியர் போட்டார்... கியர் ராடு கையோடு வந்துவிட்டது! மனுஷன் பதறவில்லை. "பிடிடா" என்று என் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டையில் ஸ்பேனரை விட்டுத் திருகி, அப்படியே தோட்டம் வரை ஓட்டினார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், நான் டிரைவர்தான் ஆவேன் என்று.

பிறகு எத்தனையோ வருஷம் திக்லிபூர் பஸ். விடியும்போது போர்ட் பிளேரில் ஏறி உட்கார்ந்தால், இறங்கும்போது இடுப்பு யாருடையது என்றே தெரியாது. திக்லிபூருக்கு முன்னால் கடைசியாக ஒரு ஏற்றம் வரும். அங்கே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவேன். அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். டீக்கடை பெங்காலி உடனே, "முருகேசன் ஆ கயா!", அதாவது முருகேசன் வந்தாச்சு என்று பாலை அடுப்பில் வைத்துவிடுவார். வேறு டிரைவர் வந்தால் வைக்க மாட்டார். சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடிப்பார்.

எனக்குப் பேப்பரில் கையெழுத்து இன்றைக்கும் கோணல்மாணல்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் நான் போட்டது சுத்தமான கையெழுத்து.

இப்போது தெரிகிறதா, எனக்கு ஏன் சுருக்கென்றது என்று?

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. நான் எந்த வண்டியையும் தொட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. காரணம் இடது முழங்கால். கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோன கால். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் — இனி கிளட்ச் கூடாது. இந்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கிற பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். "போதும்ப்பா. ஓட்டுனது போதும். கிழிச்சுப் போடுங்க" என்கிறான் மகன். கிழிக்கவும் மனசில்லை, நிரப்பவும் தைரியமில்லை.

அப்போதுதான் செல்வராஜ் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சிப்பிகாட் தோட்டத்துக்கு வண்டிய முதமுதலா கொண்டு போறோம். மாமியார் பாக்கணும்ங்குது. நீங்க கை வச்சாத்தான் ராசி. நீங்களே ஓட்டுங்க."

"ஏன், நீங்க ஓட்டலையா?"

"நான் என்னைக்குண்ணே ஓட்டல! பெரியவங்க ஆரம்பிச்சு வைக்கணும்ல... ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கீங்கல்ல?"

"எத்தனையோ!" என்றேன்.

ஒன்றுகூட ஓட்டியதில்லை. ஆனால் கிளட்ச் இல்லாத வண்டி என்றால் என் முழங்காலுக்கு வேலை இல்லையே! இத்தனை நாள் நான் திட்டின வண்டிதான் என்னை மறுபடி டிரைவர் சீட்டில் உட்கார வைக்க முடியும். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இந்த வண்டி எனக்குப் பணிந்தால் பாரத்தை நிரப்புவது. இல்லையென்றால் கிழிப்பது. மகனிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. டயருக்கு எலுமிச்சம்பழம், கொக்கிக்குச் சந்தனம். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் செல்வராஜ். பின்னால் அவர் மனைவி வசந்தா, மடியில் ஒரு தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல்.

வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. சத்தமே இல்லை. அட, இவ்வளவுதானா என்று நினைத்தபோது ஜங்ஷன் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். கியர் இறக்கணுமே! இடது கால் தன் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், நாற்பது வருஷப் பழக்கத்தில், கிளட்ச்சை ஓங்கி மிதித்தது.

அங்கேதான் கிளட்ச் இல்லையே! இருந்தது பிரேக்.

வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. செல்வராஜின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. தூக்கு மூடி திறந்தது. தூக்கில் கால்வாசிப் பொங்கல் பறந்துபோய் டாஷ்போர்டில் விழுந்தது — அந்தத் தகட்டின் மேல்.

"பரவால்ல அண்ணே, ரோடு அப்படி" என்றார் செல்வராஜ். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

காராச்சர்மா தாண்டினதும் ஒரு வளைவு. மறுபடியும் அதே கதை. பின்னால் வந்த ஆட்டோ நூலிழையில் நின்றது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அரே சாச்சா! பீச்சே பி ஆத்மி ஹை!" என்று கத்தினார். பின்னாலும் மனுஷங்க இருக்கோம் என்கிறார். நியாயம்தானே?

மூன்றாவது தடவை எதிரில் ஒன்றுமே இல்லை. ஒரு கோழி. அதுவும் ஓரமாகத்தான் போனது.

வசந்தா தூக்கை மூடி, புடவையில் விழுந்த முந்திரியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஓட்டுறீங்க."

நான் செல்வராஜைப் பார்த்தேன். செல்வராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சொல்லுங்களேன் அண்ணன்கிட்ட! ஹார்பர்லருந்து கொண்டு வந்த அன்னைக்கு வீட்டு கேட்டுக்கிட்ட இதே மாதிரி குத்தி நிறுத்தி, என் நெத்தி வீங்கிருச்சு. அன்னைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினதுதான். இன்னைக்குத்தான் வெளியே எடுத்தாரு. ராசியாம்ல ராசி!"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "தம்பி, நானும் பொய்தான் சொன்னேன். இதான் முதல் தடவை" என்றேன். பையில் இருந்த பாரம் நெஞ்சைக் குத்தியது. "நம்மளால ஆகாது. நான் இறங்கிக்கிறேன்."

"இறங்கி? வண்டியை யாரு ஓட்டுறது, கோழியா?" என்றார் வசந்தா. "வலது கால் நல்லாத்தானே ஓட்டுது. குழப்படி பண்றது இடது கால்தானே? அதைக் கட்டிப் போடுங்க."

"மடக்கி வச்சுக்கலாம்னா முட்டி மடங்காதும்மா."

"மடக்க வேணாம். கட்டுங்கன்னேன்."

கட்டினோம். செல்வராஜ் தரையில் மண்டி போட்டு, என் தோள் துண்டால் இடது கணுக்காலை சீட்டின் அடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டினார், மேயப் போகிற மாட்டைக் கட்டுகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து அதே ஆட்டோ எங்களைத் தாண்டியது. "க்யா சாச்சா, பூஜா ஹோ ரஹா ஹை க்யா?"

பூஜை நடக்குதா என்று கேட்கிறார். அவர் கண்ணுக்கு செல்வராஜ் என் காலில் விழுந்து கிடந்திருப்பார்.

அதற்குப் பிறகு வண்டி பேசாமல் போனது. சிப்பிகாட்டில் தார் ரோட்டை விட்டு இறங்கினால், தோட்டத்துக்குப் போகிற மண்பாதை ஒரு இடத்தில் தாழ்ந்திருக்கும். சுனாமிக்குப் பிறகு நிலம் இறங்கினதிலிருந்து, கடல் ஏறும் நேரத்தில் அங்கே உப்புத்தண்ணி வந்துவிடும். நாங்கள் வழியில் நின்று நின்று வந்ததில், தண்ணி எங்களை முந்திவிட்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கும். எதிர்ப்பக்கம் பாக்கு மரத்தடியில் வசந்தாவின் அம்மா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"திரும்பிரலாம் அண்ணே" என்றார் செல்வராஜ். "உப்புத்தண்ணி... ஸ்பெஷல் பெயிண்ட்டு..."

"மூச்சு விடுறதுக்குக் குழாயெல்லாம் வச்சு வாங்கினீங்கள்ல? அது எதுக்கு, அகர்பத்தி சொருகவா?" — பின்னாலிருந்து வசந்தா.

நான் குமிழைச் சேற்றுப் படத்துக்குத் திருப்பினேன். பாதை எனக்குப் பழக்கம், தண்ணிக்கடியில் கல் பரப்பியிருக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாகவே மெதுவாக இறங்கியது. பழைய ஜீப்பாக இருந்தால் முதல் கியர், அரை கிளட்ச், மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே நான் செய்ய ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நடுவில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. செல்வராஜ், "ஐயோ" என்றார். என் இடது கால் துள்ளியது பாருங்கள்... துண்டு இறுகியது. அவிழவில்லை! அது மட்டும் அவிழ்ந்திருந்தால், நடுத்தண்ணியில் பிரேக்கைக் குத்தி, குழிக்குள்ளேயே நின்றிருப்போம்.

வலது காலால் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி உறுமியது. கல்லைப் பிடித்தது. ஏறிவிட்டது!

மூன்று பேரும் ஒன்றாகப் பேசினோம்.

மாமியார் அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "அண்ணனா ஓட்டுனீங்க? சத்தமே கேக்கலையே, நான் மாப்பிள்ளைன்னு நெனச்சேன்."

உண்மைதான். இந்த வண்டியில் முருகேசன் ஓட்டினாலும் ஒரே சத்தம், செல்வராஜ் ஓட்டினாலும் ஒரே சத்தம். இனி என் சத்தத்துக்கு யாரும் பால் வைக்கப்போவதில்லை. கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வலிக்கவில்லை. எது முக்கியம், சொல்லுங்கள்?

மிச்சப் பொங்கலைத் தின்றோம். பாரத்தை எடுத்துக் கொடுத்தேன், வசந்தா நிரப்பினார். நான் என் கோணல்மாணல் கையெழுத்தைப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நானும் செல்வராஜும் காலி மைதானத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகுகிறோம். அவருக்கும் ஒரு துண்டு தயார்.

நேற்று டாக்டரிடம் சர்டிஃபிகேட்டுக்குப் போனேன். முழங்காலை அமுக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். "மறுபடி கிளட்ச் மிதிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். துண்டு விஷயத்தை, பேப்பரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன்.