செத்தவளுக்கு என் குரல்

என் தோழி பிலோமினாவின் தொண்டையைக் கெடுத்தவள் நான். கைதவறி நடந்ததல்ல... யோசித்துச் செய்தேன். பொறாமையில் செய்தேன்.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் துணிவதற்குக் காரணம், உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதுதான். ஆனால் குரல்? அது தெரிந்திருக்கலாம். அந்தச் சிறைத் தொடரைத் தமிழில் பார்த்தவர் நீங்கள் என்றால், செத்துப்போனவள் திரும்பி வந்து, வார்டர் பெண்ணின் பிடரிக்குப் பின்னால் நின்று பேசுகிற இடத்தில் உங்களுக்கும் உடம்பு சிலிர்த்திருக்கும். அந்தப் பேய் நான்தான்!

சிரிக்காதீர்கள். அந்தப் பேய்க்காகத்தான் இத்தனையும்.

தொடர் கன்னடத்தில் எடுத்தது. பெண்கள் சிறை. புழு நெளிகிற சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டு ஒருத்தி உண்ணாவிரதம் தொடங்குகிறாள். மற்ற கைதிகளும் அவளோடு சேர்கிறார்கள். அவளுக்கும், அவளைக் காவல் காக்கிற வார்டர் பெண்ணுக்கும் நடுவே வெளியே சொல்ல முடியாத ஓர் ஆசை. பட்டினியிலேயே அவள் சாகிறாள். உடம்பைப் புதைத்துவிடுகிறார்கள்... ஆசை மட்டும் சிறைக்குள் திரும்பி வருகிறது. போராட்டம், காமம், பேய் என்று மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய இருட்டான தொடர். தொடர் முழுக்க ஒரு நல்ல பல்பு கிடையாது என்று என் கணவர் கேலி செய்வார்.

அதற்குத் தமிழ் வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பம் மல்லேஸ்வரத்தில் வேரூன்றிப்போன குடும்பம்; வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். அதனால் இந்த டப்பிங் தொழில் எனக்கு வாய்த்தது. குரலும் கொடுப்பேன். என்ன குரல்? மாமியார் குரல், பக்கத்து வீட்டுக்காரி குரல், ‘டாக்டர் இப்போ வந்துடுவார்’ என்கிற நர்ஸ் குரல்... குக்கர் விளம்பரத்தில் விசிலுக்குப் பிறகு ‘ஆஹா!’ என்பவளும் நான்தான். பல வருடங்களாக இதுதான் என் கலை வாழ்க்கை!

அந்தப் பேயின் வசனத்தை எழுதியபோது முதல் முறையாக எனக்கென்று ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுப்படியில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். “நீ பூட்டுன கதவுதான்... இப்ப எனக்கு சாவி வேணாம்.” என்னைத் தவிர வேறு யார் அதைச் சொல்ல முடியும்?

பிலோமினா சொன்னாள்.

அவளை இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்தவளே நான். அதை மறந்துவிடாதீர்கள், நான் மறக்கவேயில்லை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுவாள். கூட்டக் குரலுக்கு ஆள் குறைந்த ஒரு நாளில், சும்மா வந்து நாலு கத்தல் கத்திவிட்டுப் போ என்று நான்தான் கூப்பிட்டேன். வந்தாள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுக்கு அது பிடித்ததா என்று நான் கேட்டதில்லை.

குரல் தேர்வன்று தொடரின் டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என்னுடையது, அவளுடையது, இன்னும் சிலருடையது. பிறகு என்னைத் தனியாக அழைத்து, கன்னடத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னார். என் குரலில் அனுபவம் தெரிகிறதாம். பிலோமினாவின் குரலில் பசி தெரிகிறதாம். நாயகிக்கு, உயிரோடிருக்கும்போதும் செத்த பிறகும், பிலோமினாவே பேசட்டும்; நான் டப்பிங் இன்சார்ஜாக இருந்து பார்த்துக்கொண்டால் போதுமாம்.

அனுபவம்! கிழவி என்பதை இதைவிட நாகரிகமாக யாரும் சொன்னதில்லை.

அன்று மாலை பிலோ எனக்குக் கேக் வாங்கி வந்தாள். எல்லாம் உன்னால்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேக்கைத் தின்றேன். வயிறு எரிந்தது... கேக்கினால் அல்ல.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. அழுகை, அலறல், கோஷம் எல்லாவற்றையும் நாளின் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். மெல்லிய பேச்சு முதலில், கத்தல் கடைசியில். கதையில் எது முன்னால் எது பின்னால் என்ற கணக்கே கிடையாது. ஒருமுறை தொண்டை கிழிந்தால் அன்றைக்கு அந்தத் தொண்டை அவ்வளவுதான். எந்தக் காட்சி எப்போது என்று முடிவு செய்வது இன்சார்ஜின் வேலை. அதாவது, என் வேலை.

பேய் வசனத்தைப் பேச வேண்டிய நாளின் காலையில் பிலோ போன் செய்தாள். “தொண்ட ஒரு மாதிரி கரகரன்னு இருக்குபா காயூ. நேத்து கொயர் ப்ராக்டிஸ்ல ஓவரா பாடிட்டேன். நாளைக்கு வெச்சுக்கலாமா?”

வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வாரத்தில் எந்த நாளானாலும் வந்து கேட்கிறேன் என்றுதான் டைரக்டர் சொல்லியிருந்தார். நானோ, இன்றைக்கு விட்டால் அவர் கிடைக்கமாட்டார் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! வெந்நீர் குடித்துவிட்டு வா என்று அக்கறையும் சேர்த்துக்கொண்டேன்.

முன்பே திட்டமிட்டிருந்தேனா? அந்த நிமிடத்தில்தான் தோன்றியதா? பல முறை என்னையே கேட்டுவிட்டேன். போனை வைத்தபோது எனக்குள் ஒரு குதூகலம் இருந்தது... அதை மட்டும் மறைக்க மாட்டேன்.

அவள் வந்ததும் கோஷக் காட்சிகளை முதலில் போடச் சொன்னேன். கைதிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எங்க பசி எங்களோடது! உங்க சோறு உங்களோடது!” என்று கத்துகிற காட்சிகள். ஏன் இது முதலில் என்று பிலோ கேட்டாள். தொண்டை நன்றாகச் சூடாகட்டும், பிறகு மெல்லிய வசனம் சுகமாக வரும் என்றேன். அவள் புதியவள். நான் அனுபவசாலி அல்லவா? நம்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கத்தினாள். முதல் டேக்கிலேயே எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. சவுண்ட் என்ஜினியர் மஞ்சு, இதுவே போதும் மேடம் என்றான். நான் மைக்கை அழுத்தி, “இன்னொன்னு” என்றேன்.

இன்னொன்று... மறுபடியும் இன்னொன்று. திரையில் தெரிகிற உதட்டோடு குரல் ஒட்டவில்லை என்றேன். கச்சிதமாக ஒட்டியிருந்தது! கோபம் போதவில்லை என்றேன். மஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையைத் தவிர்க்க நான் வசனத் தாளைப் புரட்டினேன். பிலோ தண்ணீர் குடித்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு, மறுபடி கத்தினாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ?

சாப்பாட்டுக்குப் பிறகு டைரக்டர் வந்தார். பேய்க் காட்சி திரையில் ஓடியது. பிலோ வாயைத் திறந்தாள். ‘நீ பூட்டுன’ வரை வந்தது, அதன் பிறகு வெறும் காற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். கரகரத்து உடைந்தது. டைரக்டரின் முகம் சுருங்கியது. அவளோ கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்தாள், உதவிக்கு.

நான் எழுந்தேன். “மாதிரிக்கு ஒரு தடவ நான் பேசிப் பாக்கட்டுமா சார்?” என்றேன், அதே நொடியில் தோன்றியதைப் போல.

அடுப்படியில் அத்தனை நாள் சொல்லிப் பார்த்ததெல்லாம் வந்தது. ஆசை வந்தது, சாவு வந்தது... பொறாமையும் வந்திருக்கும். செத்தவளுக்கு இந்தக் குரலே இருக்கட்டும் என்றார் டைரக்டர். பிலோ கதவைத் திறந்துகொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு கொதித்தது. காய்ச்சல்!

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட அவள் தேறியிருப்பாள். நிறுத்தவில்லை நான். உயிரோடிருக்கிற பகுதிகள் அவளுடையவை அல்லவா? உண்ணாவிரதக் காட்சிகள் மிச்சம் இருந்தன. அவளுக்கு ஓய்வு கொடுங்கள் என்று இன்சார்ஜ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்சார்ஜ் சொல்லவில்லை. பட்டினி கிடப்பவளுக்குக் கரகரப்பு பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னபோது, ஆமாம் என்று நானும் சொன்னேன். ஓய்வெடுத்துக் குரல் திரும்பிவிட்டால் பேயையும் திரும்பக் கேட்பாளே... அந்தப் பயம்.

வேலை முடிந்தபோது அவள் தொண்டையில் முடிச்சு விழுந்திருந்தது. டாக்டர் பேசவே கூடாது என்றார். சிகிச்சை நடந்தது. பேச்சு திரும்பியது, மண் கலந்த பேச்சாக. பாட்டு திரும்பவில்லை.

தொடர் வந்தது. இங்கேதான் விதி என்னைக் கேலி செய்தது. உயிரோடிருப்பவளுக்கு ஒரு குரல், செத்தவளுக்கு வேறு குரல்... என்ன கற்பனை என்று விமர்சகர்கள் எழுதினார்கள்! அது தன் யோசனைதான் என்று டைரக்டர் ஒரு பேட்டியில் சொல்லிக்கொண்டார். நான் செய்த பாவத்துக்கு அவர் பாராட்டு வாங்கிக்கொண்டார். அதற்கும் எனக்கு எரிச்சல்.

அதைவிடப் பெரிய எரிச்சலும் உண்டு. மெட்ரோவில் இரண்டு கல்லூரிப் பெண்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, “எங்க பசி எங்களோடது” என்று சேர்ந்து சொல்லிச் சிரித்தார்கள். பிலோவின் வரி! என் வரியை யாரும் சொல்லவில்லை. பேயின் ஆசையை மெட்ரோவில் எப்படிச் சொல்வார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. அவளிடமிருந்து பிடுங்கிய பின்னும் அவளிடம்தான் மிச்சம் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். நான் தொடங்குமுன் அவளே பேசினாள்.

“நல்லவேள நீ இருந்த காயூ. அந்த சீன வேற யாராச்சும் பண்ணிருந்தா எனக்கு வயிறு எரிஞ்சிருக்கும். உனக்குன்னதும் எரியலபா.”

அடுக்கி வைத்ததெல்லாம் டீயோடு உள்ளே போயிற்று. அவளுக்கு எரியவில்லை! பொறாமைப்படாமலிருக்கும் அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருடம் மாதா திருவிழாவுக்கு என்னை அழைத்தாள். மாதாவுக்கு விரதமிருப்பவர்களின் காவிப் புடவைகளும் மெழுகுவத்தியுமாகக் கோயில் நிரம்பி வழிந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் பாடற்குழு நின்றது. அதன் இரண்டாம் வரிசையில் பிலோ! குரல் திரும்பிவிட்டதா?

பாட்டு தொடங்கியது. நான் அவள் உதடுகளையே பார்த்தேன். பிழைப்புக்காகக் கற்றது அது. உதடும் குரலும் ஓர் இம்மி விலகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அவள் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாகத் திறந்து மூடின. ஆனால் தொண்டை அசையவில்லை, மூச்சு ஏறி இறங்கவில்லை. அவள் பாடவில்லை. அதைக் கண்டுகொண்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல... நிம்மதி! அதை நான் மாதாவின் முன்னால் நின்றுகொண்டு உணர்ந்தேன். வருத்தம் பிறகுதான் வந்தது, வெட்கத்தோடு.

பூசை முடிந்து வெளியே வந்ததும், பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

“நான் பாடலபா. சும்மா நின்னுக்கோன்னு கொயர் மாஸ்டர் சேத்துக்கிட்டாரு. வாய மட்டும்தான் அசைச்சேன். கீழ இருந்து பாக்கறப்ப தெரிஞ்சுதா?”

அப்போது சொல்லியிருக்கலாம். தெரிந்தது என்று தொடங்கி, எல்லாவற்றையும். அவள் கண்கள் என் முகத்தில்தான் இருந்தன.

“தெரியல,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “அப்ப அடுத்த வருஷமும் நிக்கறேன்,” என்றாள்.