ஒன்பதாவது வெயிட்

எங்கள் தெருவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று ஒரு பகல் பொழுதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அவனைப் பிடிக்கக் கிளம்பிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் நான்தான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம் அது. திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் கடைசியில் எங்கள் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தகர ஷெட், இருபது தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள். அந்த டேபிளுக்கு மட்டும் நான் ராஜா. கட்டிங் மாஸ்டர் என்பது சம்பளத்துக்குச் செய்த வேலை. எல்லோரையும் கிண்டல் செய்வது சம்பளம் இல்லாமலே செய்த வேலை.

அன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். இப்போது நான் இருக்கும் பெரிய கம்பெனியில் கரண்ட் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. அப்போது எங்களிடம் இருந்த ஜெனரேட்டர் பாதி நாள் ரிப்பேரில்தான் கிடக்கும். அதனால் மின்தடை நாள் வந்தால் மெஷின் சத்தமெல்லாம் அடங்கி, பக்கத்து மெஷின்காரர் பேசுவது அப்போதுதான் ஒழுங்காகக் காதில் விழும். டெய்லர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். யாராவது புளிசாதம் கொண்டு வந்திருந்தால் பதினோரு மணிக்கே டப்பா காலி. இன்றைக்கும் எங்காவது கரண்ட் போனால் என் மூக்கு முதலில் புளிசாத வாசனையைத்தான் தேடுகிறது.

எனக்கு மட்டும் அந்த நாளிலும் வேலை உண்டு. துணியை டேபிளின் மேல் அடுக்கடுக்காக விரிக்கக் கரண்ட் வேண்டாம், கை போதும். விரித்து, மேலே அளவு வரைந்த பேப்பரைப் போட்டு வைத்துவிட்டால், கரண்ட் வந்ததும் வெட்டலாம். சிக்கல் என்னவென்றால் ஃபேன் ஓடாததால் முன்கதவையும் பின்கதவையும் திறந்து போட்டிருப்போம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஆடிக் காற்று முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேறும். போகிற போக்கில் என் பேப்பரையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும்.

அதற்குத்தான் வெயிட் வைப்போம். கனமாக எது கிடைத்தாலும் கட்டிங் மாஸ்டருக்கு அது வெயிட்தான். உடைந்த அயர்ன் பாக்ஸ், பழைய மோட்டாரின் மூடி, தராசுக் கல் என்று என்னிடம் எட்டு இருந்தன. துருவும் எண்ணெயும் துணியில் படக்கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் வேஸ்ட் துணியில் சுற்றி, உச்சியில் இரட்டை முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன். குளிப்பாட்டித் துணி சுற்றிப் படுக்க வைத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருக்கும்.

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் காலி நிலம். அதன் நடுவே உயர் அழுத்தக் கம்பி போகும் ஒரு டவர். அன்று அந்த டவரில்தான் வேலை. லைன் மேஸ்திரி ஒருவர் நாலைந்து ஆட்களோடு வந்து, சாமான்களை எங்கள் பின்வாசல் நிழலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமா வெச்சுக்குங்க, டவரையும் கொண்டாந்து இங்கயே வெச்சாலும் சரிங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தார்ப்பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினார்.

பத்தரை மணி வாக்கில் ஒரு பெருங்காற்று. எட்டு வெயிட்டையும் மீறிப் பேப்பரின் ஒரு மூலை கிளம்பிவிட்டது. நான் டேபிள் மேல் குப்புற விழுந்து நெஞ்சால் அதை அமுக்கினேன். இப்படி அவசரம் வந்தால், பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கும் இரும்பை எடுத்துக்கொள்வது என் வழக்கம். டேபிளின் கோடியில் படுத்தபடியே கதவோரம் கையை விட்டேன். கனமாக ஒன்று அகப்பட்டது. பறக்கும் மூலையைப் பார்த்துக் கத்திக்கொண்டே, கை பாட்டுக்குத் துணியைச் சுற்றி முடிச்சைப் போட்டுப் பேப்பரின் மேல் வைத்தது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு வேஸ்ட் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மெலிந்த ஆள். ஒன்றுவிட்டு ஒருநாள் மொபெட்டில் வந்து, தெருவில் இருக்கும் எல்லாக் கம்பெனியிலும் கட்டிங் வேஸ்ட்டை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டு போவார். அந்தத் தெருதான் அவருக்குச் சோறு. வழக்கம்போல என் டேபிளுக்கு அடியில் குனிந்து அள்ளிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

மதியம் லைன் மேஸ்திரி முகம் வெளுத்து உள்ளே வந்தார்.

"மாஸ்டருங்க, கிளாம்ப் ஒண்ணு கொறயுதுங்க. ஆறு இருக்கோணும், அஞ்சுதான் இருக்குது."

மிச்சமிருந்ததில் ஒன்றை என் கையில் கொடுத்தார். குட்டித் தோணி மாதிரி ஒரு அலுமினிய வார்ப்பு. நடுவில் நீளமாக ஒரு பள்ளம், மேலே ஒரு மூடி, இரண்டு பக்கமும் போல்ட். இரண்டு கிலோ இருக்கும்.

"டவர்ல பீங்கான் தட்டு வரிசையாத் தொங்குதுங்களா, அதுக்கு அடியில இதத்தான் மாட்டுவோம். கம்பி இந்தப் பள்ளத்துலதான் படுத்திருக்கும். பழசு தேஞ்சு போச்சுன்னு ஆறையும் கழட்டிட்டோமுங்க. இப்ப கம்பியெல்லாம் வெறும் சங்கிலியில தொங்கிட்டு நிக்குது. ஒண்ணு இல்லீன்னாலும் லைன் குடுக்க முடியாதுங்க."

கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இப்படி ஒரு சாமான என் சென்மத்துல பாத்ததில்லீங்க" என்றேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அடுத்த நிமிடமே எனக்குள் போலீஸ்காரர் புகுந்துகொண்டார். பின்வாசல் வழியாகப் போனது யார்? கையில் சாக்கு வைத்திருந்தது யார்? "அலுமினியம்ங்க, பழைய சாமான் கடையில நல்ல வெல போகும்" என்று மேஸ்திரியிடம் ரகசியம் போலச் சொன்னேன். தெருமுனை டீக்கடையில் நின்றிருந்த அண்ணாச்சியை, மொபெட்டோடு எங்கள் பின்வாசலுக்கு அழைத்து வந்தேன்.

"அண்ணாச்சி, மூட்டையக் கொட்டுங்க."

"எதுக்கு மாஸ்டர்?"

"கொட்டுங்க, சொல்றேன்."

நாலு மூட்டையையும் கொட்டினார். காற்று காத்திருந்த மாதிரி அள்ளிக்கொண்டது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துணித் துண்டுகள் முள்வேலியில், முருங்கை மரத்தில், டவரின் காலில் எல்லாம் போய் ஒட்டின. கிளாம்ப் இல்லை.

இல்லையென்றால் விட்டிருக்க வேண்டும். நான் துப்பறிந்தேன். "வழியில எங்கியோ பதுக்கிட்டு வந்திருக்காருங்க" என்றேன். அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கூடிவிட்டார்கள். மேஸ்திரி அவருடைய ஆபீசுக்குப் போன் செய்தார். இன்ஜினியர் மூன்று மணிக்கு வருவார், வந்து ஸ்டேஷனில் புகார் கொடுப்பார், அதுவரை அண்ணாச்சி எங்கேயும் போகக்கூடாது என்று முடிவாயிற்று. "ஸ்டேஷன் வரைக்கும் போற ஆளு இனி எங்க கம்பெனிப் பக்கமே வர வேண்டாம்" என்றார் எதிர்க் கம்பெனி சூப்பர்வைசர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு தெருவே போய்விட்டது அவருக்கு.

"நா எடுக்கல மாஸ்டர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார் அண்ணாச்சி. பிறகு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தார்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் எங்கள் அக்கா ஒருத்தி வாசலில் நின்று, "பாவமுங்க மாஸ்டர், சாப்புட்டாரான்னு கேளுங்க" என்றாள்.

"திருடனுக்கு விருந்து வெக்கற பழக்கம் உங்க ஊட்ல இருக்குதுங்களா அக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆயுளில் சொன்ன ஆயிரம் ஜோக்கில் ஒன்றை அழிக்கலாம் என்றால் இதைத்தான் அழிப்பேன்.

இரண்டு மணிக்குத் துப்பறிந்த களைப்போடு உள்ளே திரும்பும்போது, கால் கட்டைவிரல் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன். பின்கதவுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு. எப்போதும்போல அங்கேயே இருந்தது.

இது இங்கே இருந்தால், டேபிளில் நான் எடுத்து வைத்தது எது?

மெதுவாக டேபிளிடம் போய் எண்ணினேன். என் எட்டுப் பிள்ளைகள் ஒன்பதாகியிருந்தன. கடைசிப் பிள்ளையைத் தொட்டதும் அது தோணி மாதிரி ஆடியது. துணிக்கு மேலே தடவினேன். இந்தப் பக்கம் ஒரு போல்ட். அந்தப் பக்கம் ஒரு போல்ட்.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். கக்கூஸ் கூரைமேல் எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். யாருடைய டிபன் பையிலாவது போடலாமா என்று யோசித்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து அமராவதி நகருக்குப் போய் அணையில் போட்டுவிட்டு, அங்கேயே மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு நிமிடத்தில் இவ்வளவும். கடைசியில் அதைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, லேசாக முன்னால் வளைந்து நடந்தேன். இரண்டு கிலோ. வாசலில் அதே ஓவர்லாக் அக்கா.

"என்னுங்க மாஸ்டர், எத்தனாவது மாசமுங்க?"

"வாயுத் தொல்லைங்க அக்கா" என்றேன். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் சொட்டியது.

மேஸ்திரியின் ஆட்கள் டவர் பக்கம் பார்த்த நேரத்தில், தார்ப்பாயில் கிடந்த காலிச் சாக்குக்குள் கிளாம்பைச் செருகினேன். திரும்பி வந்து பேப்பரைச் சரிசெய்வது போல் நின்றேன். பொருள் கிடைத்துவிடும், அண்ணாச்சி போய்விடுவார், என் மானமும் கிழியாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் மேஸ்திரியின் ஆள் ஒருவர் சத்தம் போட்டார். எல்லோரும் ஓடினோம். அவர் கையில், ரோஸ் கலர் பனியன் துணி சுற்றிய கிளாம்ப். பயத்தில் துணியை அவிழ்க்கவே மறந்திருக்கிறேன்.

"பாத்தீங்களா, வேஸ்ட் துணி" என்றார் எதிர்க் கம்பெனி சூப்பர்வைசர். "இந்தாளுதான் சுத்தி ஒளிச்சு வெச்சிருக்கான். போலீஸ்னதும் பயந்து மெதுவாத் திருப்பி வெச்சுட்டான்."

மேஸ்திரியும் கிளாம்பைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதுவரை சந்தேகமாக இருந்தது, என் புத்திசாலித்தனத்தால் சாட்சியோடு நிரூபணமாகிவிட்டது. அண்ணாச்சி எழுந்து நின்றார். கையில் ஒரு பிடி துணித் துண்டு. அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் என் வெயிட்டில் ஒன்றைத் தூக்கி வந்து, மேஸ்திரி கையிலிருந்த கிளாம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே ரோஸ் துணி. அதே இரட்டை முடிச்சு.

"அது நான் போட்ட முடிச்சுங்க" என்றேன். "நாந்தானுங்க எடுத்தேன். கதவு முட்டு இரும்புன்னு நெனச்சு எடுத்து வெச்சுட்டேன். திருப்பி வெச்சதும் நாந்தான்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, தெருவே சிரித்தது. மேஸ்திரி துணியை அவிழ்த்து என் தோளில் போட்டார். "டவரையும் கொண்டாந்து வெக்கச் சொன்னீங்க. நல்ல வேளைங்க மாஸ்டர், நான் கொண்டாரல" என்றார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நான் கைகூப்பி நின்றேன். "சரி விடுங்க மாஸ்டர், எதிர்த்த கம்பெனியில அள்ளணும், நேரமாச்சு" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். சூப்பர்வைசர் தானே முன்னால் போய் கேட்டைத் திறந்துவிட்டார். ஐந்து மணிக்குச் சரியாகக் கரண்ட் வந்தது.

அந்த ஷெட் இப்போது யாருடைய குடோனோ. ஓவர்லாக் அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். டவர் மட்டும் அங்கேயேதான் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பேன். ஆறு தோணிகள், ஆறு கம்பிகளைத் தாங்கிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். அதில் என் ஒன்பதாவது பிள்ளை எது என்று கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வழக்கம்போல வேஸ்ட் எடுக்க வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். என் டேபிளுக்கு அடியில் இத்தனை நாள் குனிந்தவர், ஒன்பது வெயிட் இருந்ததைக் கவனிக்கவில்லையா என்று கேட்டேன்.

"மூட்டையக் கொட்டச் சொன்னியள்லா, அப்பமே கதவு வழியாப் பாத்துட்டேன். ஒம்பது இருந்துச்சு. ஒங்க டேபிள்ல எப்பமும் எட்டுதான உண்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"சொல்லியிருந்தா, நாந்தான் எடுத்து அங்க ஒளிச்சு வச்சேன்னு சொல்லியிருப்பிய மாஸ்டர்."

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.