வரம்பில் முட்டிய ஆகாயக் கப்பல்

வவுணதீவில் வயல்கள் பரந்த வட்டையில் இருந்த வயலை எங்கள் அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் சீதனமாகப் பிரித்துத் தந்தபோது, நடுவில் ஒரு சட்டி நிறையச் சிரட்டைக்கரியைப் புதைத்து, அதன் மேல்தான் வரம்பு கட்டுவித்தாள். கரி உக்காது. நாளைக்கு வழக்கென்று வந்தால் தோண்டிப் பார்க்கலாம். பெற்ற பிள்ளைகளையே நம்பாத மனுசி என்று எனக்கு அப்போது கோபம். அந்தக் குணம் அப்படியே எனக்கும் வந்து சேர்ந்தது.

தங்கச்சியின் புருசன் வரம்பைச் செதுக்குகிறான் என்பது என் சந்தேகம். ஒவ்வொரு விதைப்பிலும் வரம்பு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நகர்ந்தது, அவ்வளவுதான். என் புருசன் பாவம், விடிய முதலே மண்வெட்டியோடு போய் வரம்பைச் சரிபண்ணிவிட்டு வருவார். ஒருநாள் தங்கச்சி புருசனை நேரேயே கேட்டுவிட்டேன்.

"மச்சி, நான் ஒரு பிடி மண் எடுத்திருந்தா கண்ணகை அம்மாள் என்னைக் கேக்கட்டும்" என்று சத்தியம் பண்ணினான்.

"ஓம், ஓம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு தங்கச்சியும் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அந்த வருசம் நெல் வெட்டு முடிந்த பிறகு, ஒரு காலையில், வாவிப் பக்கமிருந்து சின்ன ஆகாயக் கப்பல் ஒன்று இருமிக்கொண்டு வந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் சொந்தக் கப்பலாம். எங்கள் தலைக்கு மேல் வந்ததும் சத்தம் நின்றுபோனது. மேலேயிருந்து பார்த்தவருக்கு வட்டை வெறும் வெளியாகத் தெரிந்திருக்கும், வரம்புகள் தெரிந்திருக்காது. தங்கச்சி புருசன் தன் மாடுகளுக்கு நடுவில் நின்று சால்வையை வீசினான். 'போ' என்று வீசினானாம். துரை 'வா' என்று விளங்கிக்கொண்டார். தங்கச்சியின் வயலில் சில்லுப் பதித்து ஓடிவந்து, வரம்பைப் பிய்த்துக்கொண்டு, எங்கள் வயலுக்குள் மூக்கைக் குத்தி வாலைத் தூக்கி நின்றது கப்பல்.

துரை நெற்றியில் இரத்தத்தோடு தானாகவே இறங்கித் தொப்பியைத் தேடினார். வட்டையை அரசாங்கத்துக்கு அளக்க வந்தவன் என்றது கூடிநின்ற சனம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கோ வேறு பேய்.

"வரம்பை உடைக்கத்தான் சால்வை வீசி இறக்கியிருக்கான். மறுகா கட்டக்குள்ள எங்கட பக்கம் தள்ளிக் கட்டுவான், பாருங்க" என்று என் புருசனிடம் சொன்னேன். வெள்ளைக்காரனை வானத்திலிருந்து இறக்குகிற செல்வாக்கு அவனுக்கு ஏது என்று நான் யோசிக்கவே இல்லை.

என் புருசன், கப்பல் மூக்குக் குத்திய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலில் கயிறு போட்டு எருமைகளை விட்டு இழுத்தார்கள். மூக்கு நிமிர்ந்தது. அது கிளறிய குழியில் உடைந்த சட்டி ஓடும் கரியும் கிடந்தன. வரம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, எங்கள் வயலுக்குள். அம்மா பிரித்த எல்லை அதுதான். அப்படியென்றால் வரம்பு இவ்வளவு காலமும் நகர்ந்தது தங்கச்சியின் வயலுக்குள். என் புருசன் காலால் குழிக்குள் மண்ணைத் தள்ளினார்.

"காலை எடுங்க" என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சத்தமில்லாமல் காலை எடுத்தார்.

தங்கச்சி வந்து குழியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கும் இது தெரியுமா?"

"அம்மாளாணை எனக்குத் தெரியாது புள்ள."

"ஓம், ஓம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கலைந்துபோன மாடுகளைச் சாய்க்கப் போய்விட்டாள்.