சத்தமில்லாத பிரேக்

நானும் என் நண்பனும் சிங்காநல்லூரில் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் ஓட்டுவோம். சீட்டில் உட்காராமல், சைக்கிளோடு படிக்கட்டிலும் கட்டைச்சுவரிலும் தாவி ஏறும் விளையாட்டு அது. பின் பிரேக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்று அவன் ரிம்மைக் கிரைண்டரால் உரசிச் சொரசொரப்பாக்கி வைத்திருந்தான். பிரேக் பிடித்தால் தெருவே காதைப் பொத்தும். "மானத்த வாங்குது, அந்தக் கருமத்த மாத்தித் தொலை" என்று அவன் அம்மா தினமும் திட்டுவார்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் அவன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்த பிறகு, "நீயே ஓட்டு கண்ணு" என்று அம்மா சைக்கிளை என்னிடம் கொடுத்தார்.

அதை நல்லபடியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். மழையில் வழுக்கிய அந்த ரிம்மைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, டிஸ்க் பிரேக் சக்கரம் மாட்டினேன். அம்மாவிடம் காட்டப் போனேன். வாசற்படியில் தாவி ஏறி, பிரேக் பிடித்துப் பின்சக்கரத்தில் நின்றேன். யாரும் வரவில்லை. கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

"எப்ப கண்ணு வந்தே? சத்தமே கேக்கலியே!"

"பிரேக்க மாத்திப்போட்டேனுங்கம்மா. இனிமே கத்தாதுங்க" என்றேன் பெருமையாக.

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரு முக்குல அந்தச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்ல அடுப்புல வெச்சுப்போடுவேன். அவன் உள்ள வர்றதுக்கும் தோசை வேகறதுக்கும் சரியா இருக்கும்" என்றார். பிறகு, "சேரி, உக்காரு கண்ணு. காப்பி வெக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இரும்புக் கடைக்கு ஓடினேன். ரிம் உருக்கப் போய்விட்டிருந்தது.

அம்மா எவ்வளவு திட்டியும் அவன் அதை மாற்றவில்லை. மாற்றியது நான். இன்றும் அந்த முக்கில் என்னையறியாமல் பிரேக்கை அழுத்துகிறேன். நன்றாகத்தான் பிடிக்கிறது.