என் முறைத் தண்ணீர்

போன ஞாயிறு திண்டிவனத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. மொத்தம் ஒன்பது பேர். அன்றைக்கு எடுத்துக்கொண்டது என் சிறுகதை.

கதை சின்னதுதான். அண்ணன், தம்பி, பங்குக் கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. தம்பியின் முறையில் அண்ணன் மோட்டாரைப் போட்டுத் தன் கொல்லையில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சிவிடுகிறான். பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. முடிந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கிணறு என்பது தாய்மை என்றார். வங்கியில் வேலை பார்க்கும் பெண், "இல்லைங்க சார், அது அதிகாரம்" என்றார். மோட்டார் நவீனத்துவம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. நான் தலையாட்டினேன். எழுதும்போது அது ஐந்து எச்.பி. மோட்டார்...

எனக்கு வேறு கவலை. கதை வெளியானதிலிருந்து, விழுப்புரம் பக்கம் காணையில் இருக்கும் என் சொந்த அண்ணன் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். முன்னால் நிற்கவேண்டிய சித்தப்பாவுக்கு இன்னும் அழைப்பு இல்லை.

திங்கட்கிழமை நேரில் போனேன். கொல்லையில் இருந்தார்.

"அந்தக் கதையில அண்ணங்காரன் எதுக்குத் தண்ணி வுட்டான்?"

"பேராசைண்ணா. அதான் கதையோட முரண்."

"மறுநாள் மல்லாட்டை புடுங்கணும். தரை காய்ஞ்சி கெடக்குது. நனைக்காம புடுங்குனா செடிதான் கையில வரும், காய் மண்ணுலயே நின்னுடும். ஆளுங்களுக்கும் சொல்லியாச்சி. இதுல பேராசை எங்க வந்துச்சி?"

வட்டத்தில் ஒன்பது பேர். ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

"அதுவும் அன்னிக்கி உன்னைக் கேட்டுட்டுத்தான் நான் மோட்டார் போட்டேன்."

"கேக்கலைண்ணா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"உன் டைரியில பாரு."

எல்லாவற்றுக்கும் டைரி பார்க்கிறவன் நான். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட அதில் இருக்கும். கதைக்கு மட்டும் பார்க்கவில்லை — கதைக்கு எதற்கு டைரி?

வீட்டுக்கு வந்து அந்த வருஷத்து டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்: 'நாளை என் முறைத் தண்ணீரை அண்ணன் கேட்டார். சரி என்றேன். மாலை விழுப்புரத்தில் சினிமா.'

போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார். வரியைப் படித்துக் காட்டினேன்.

"மறந்துட்டேண்ணா."

"மோட்டார் போட்டது ஞாபகம் இருக்குது. கேட்டது மட்டும் மறந்துடுச்சா?"

நியாயமான கேள்வி. கேட்டிருந்தால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் கதை நிற்காது. நம் ஞாபகமும் கொஞ்சம் கதை எழுதும் போலிருக்கிறது.

அண்ணனே பேச்சை மாற்றினார்:

"வெள்ளிக்கிழமை ஜல்தியா வந்துடு. அந்த டைரிய எடுத்துக்கினு வா. உங்க அண்ணி கதையப் படிச்சிட்டு, 'நீங்க பண்ணியிருப்பீங்க'ன்னு சொல்லிக்கினு இருக்கா."

டைரிக்கு அட்டை போட்டுப் பையில் வைத்துவிட்டேன். நான் எழுதியதில் அண்ணன் கேட்டு வாங்கும் முதல் படைப்பு அதுதான்.